பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மேசை

விருந்தாளி வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்: அந்த வீட்டுப் பல்லிக்கு, அப்புறம் எனக்கு. என் தொழில் அப்படி. மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்து நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் சாப்பாட்டு அறையை வாடகைக்குக் கொடுக்கிறேன். ஒரு மேசை, ஆறு நாற்காலி, வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கூஜா, மஞ்சள் துணி போட்ட உயரமான விளக்கு. மூன்று மணிக்கு ஏற்றுவோம். மறுநாள் காலையில் இறக்குவோம். இடையில் அந்த வீடு கொஞ்ச நேரம் வேறு யாருடைய வீடோ ஆகிவிடும்.

சென்னைக்காரர்கள் சனி ஞாயிறு வந்து தங்குவார்கள் என்று நம்பி யாரோ கட்டிய பன்னிரண்டு வீடுகள் இவை. அவர்கள் வரவில்லை. நர்ஸும் வாத்தியாரும் வங்கி குமாஸ்தாவும் வந்தார்கள். ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டு. சோபா போட்டால் சாப்பிட இடமில்லை, சாப்பிட இடம் விட்டால் உட்கார இடமில்லை. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? காலிங் பெல் அடித்ததும் எதையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் தள்ளியிருக்கிறேன்.

ஒரு ராத்திரிக்குச் சொந்தம்

கணவர் போன பிறகு திண்டிவனத்து வீட்டை விற்றுவிட்டு, இங்கே முதல் மாடிக்கு வந்தேன். கூடவே மாமியார் காலத்துத் தேக்கு மேசையும் வந்தது. மூன்று கால் அழகாகக் கடைசல் பிடித்தவை. நாலாவது எப்போதோ உடைந்து, அவசரத்துக்கு ஒரு சவுக்குக் கட்டையை வைத்தார்களாம். அந்த அவசரம் அப்படியே நின்றுவிட்டது. மேசையை ஹாலில் போட்டதும் ஹாலைக் காணோம். ஜன்னலுக்குப் போக வேண்டுமானால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

எதிர்வீட்டு நர்ஸ் அமலாதான் தொழிலை ஆரம்பித்து வைத்தவள். மாமியார் வீட்டு ஆட்கள் முதல் முறையாக வருகிறார்கள், தரையில் உட்கார வைத்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று கண் கலங்கினாள். எடுத்துக்கொண்டு போ என்றேன். அன்று என் ஹாலில் சூரிய வெளிச்சம் தரையில் முழுசாக விழுந்தது. ஒரு பாயை விரித்த மாதிரி. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அமலா ஓடிவந்து, கதவைப் பாதி திறந்து, மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஆன்ட்டி, டேபிள் எங்க அம்மா சீரா குடுத்ததுன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வரைக்கும் கோச்சிக்காதீங்க!"

கடைசி சனிக்கிழமை

மாதத்தின் கடைசி சனிக்கிழமை மட்டும் மேசையை யாருக்கும் தருவதில்லை. அன்று அது என் வீட்டில் நிற்கும். ஸ்டெல்லாவுக்காக.

ஸ்டெல்லாவும் நானும் புதுச்சேரியில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. பாடத்தில் இருந்த கவிதைகளை அவள் சத்தமாக வாசிப்பாள். அவள் நிறுத்துகிற இடத்தில்தான் எனக்கு அர்த்தம் புரியும். அவள் அப்பாவும் அம்மாவும் இந்த மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. எனக்குக் கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்தாள். மாமியார் ஊரைக் கேட்டார். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். கேட்டு முடித்ததும் பின்வாசல் தாழ்வாரத்தில், தரையில் ஒரு இலை விழுந்தது. கதவு வழியே தெரிந்த மேசையைச் சுற்றி எல்லா நாற்காலியும் காலி. நான் சாம்பார்க் கரண்டியோடு நின்றேன். ஒன்றும் பேசவில்லை. அவள் சாப்பிட்டு, இலையை அவளே எடுத்துப் போட்டுவிட்டு, "சாம்பார் நல்லாருக்குடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போது அவள் ரிட்டையரான டீச்சர். இதே ஊரில், மாதா கோயில் தெருவில் இருக்கிறாள். நான் இந்த ஊரைத் தேடி வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. மார்க்கெட்டில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள், சிரிப்பாள். வீட்டுக்குச் சாப்பிட வா என்றால் மட்டும், "முட்டி வலிடி, மாடி ஏற முடியாது" என்பாள். அந்த மேசையில் அவளை ஒரு முறை உட்கார வைக்க வேண்டும். எனக்கு மிச்சமிருக்கும் ஆசை அது ஒன்றுதான். நாலு வருஷமாக ஒவ்வொரு கடைசி சனிக்கிழமையும் இரண்டு பேருக்குச் சமைத்து, விரிப்பைப் போட்டு, விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறேன். எட்டு மணிக்குப் பாத்திரங்களை மூடிவிடுவேன். மற்ற நாட்களில் மேசை வேறு யார் வீட்டிலோ இருக்கும். நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன்.

நாற்காலிகளை மாடி ஏற்றி இறக்குவதற்கு என்னிடம் செல்வி இருக்கிறாள். இருபது வருஷம் உப்புக் கூடை சுமந்து கழுத்து போய், அது போதும் என்று என்னிடம் வந்தவள். கழுத்துதான் போயிற்று, வாய் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் உட்காராத விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வராத ஆளுக்கு மாசாமாசம் டேபிள் போடுற கம்பெனி, ஒலகத்துலயே நம்ம கம்பெனி ஒண்ணுதாம்மா."

யாருக்குச் சர்க்கரை?

மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் ஹாலில் காற்றுக்குக்கூட இடமில்லை. சுவர் ஓரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் மூன்று பேர் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். இதை நான் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். ஒரு ரிட்டையர்டு தாசில்தார் சுவர் ஓரம் மாட்டிக்கொண்டு, அவசரத்தை வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், பாயசம் வரும்வரை வியர்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து யார் மேசை கேட்டு வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: வருகிறவர்களில் யாருக்குச் சர்க்கரை? சர்க்கரைக்காரர் வாசல் பக்கம். சின்ன வயசுக்காரர்கள் சுவர் பக்கம். பேச்சு வார்த்தை இல்லாதவர்களை ஒரே வரிசையில் போட வேண்டும். எதிரெதிரே போட்டால் முகத்தைப் பார்த்தாக வேண்டும். தரைத்தள வங்கி குமாஸ்தா குமரேசன் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க மாமாவ வாசப் பக்கமே போடுங்கம்மா. அவருக்குச் சக்கரையும் இருக்குது, எழுந்து போற பழக்கமும் இருக்குது."

எங்கே வாங்கினீங்க?

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவார்கள். எல்லார் வீட்டிலும் மேசை ஒன்றுதான். எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி ஒருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கட்டடத்தின் எழுதாத சட்டம் அது. இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. என் பங்குக்கு ஒரு மரியாதை உண்டு: மேசை மாடிக்குப் போன நாளில் என் கதவைச் சாத்திவிடுவேன். படியேறிப் போகிற விருந்தாளி என்னைப் பார்த்துவிட்டுப் போனால், சாப்பிடும்போது மேசையில் என் முகம் தெரியும் இல்லையா?

என்னிடம் அதிகம் மேசை எடுப்பவர் மூன்றாவது மாடி சேவியர் சார், உப்பு கம்பெனி சூப்பர்வைசர். மாதா கோயில் ஆட்கள் வீடு வீடாகக் கூடி ஜெபம் பண்ணுவார்களே, அதற்கும் எடுப்பார், மற்ற விருந்துக்கும் எடுப்பார். ஒரு முறை குமரேசன் குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தார். பரிமாற ஒத்தாசைக்குப் போயிருந்த செல்வி வந்து சொன்ன கதை இது. குமரேசன் உட்கார்ந்ததும் அவர் விரல் விரிப்புக்கு அடியில் மெல்லப் போயிருக்கிறது. போன மாதம் அவர் மகள் காம்பஸால் கீறிய இடத்தைத் தொட்டுப் பார்த்து, பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் வெளியே வந்திருக்கிறது. அவர் மனைவி, "டேபிள் ரொம்ப அழகா இருக்குதுங்க, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார். சேவியர் சார் கண்ணை மூடித் திறந்து, "மெட்ராஸ்ல" என்றிருக்கிறார். செல்வியால் தாங்க முடியவில்லை: "போன மாசம் அந்தம்மா பாண்டிச்சேரின்னாங்க, இந்த மாசம் இவரு மெட்ராஸ்ன்றாரு. இந்தக் கட்டடத்துலயே ஊர் சுத்திப் பாத்தது அந்த டேபிள் ஒண்ணுதாம்மா!"

ரசீது

கடற்கரை ஓரம் வீடு பிடிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. பூட்டு மூன்று மாதத்தில் வாயைத் திறக்காது. ஆணி தன் இடத்தில் ஒரு சிவப்புக் கறையை வைத்துவிட்டுக் காணாமல் போகும். மேசையோடு வந்த மர நாற்காலி நாலு. போதாததற்கு இரண்டு இரும்பு நாற்காலி வாங்கினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். வாரா வாரம் எண்ணெய் துடைத்தும், ஒரு மழைக்காலத்தில் துரு என்னை முந்திக்கொண்டது.

வாத்தியார் வீட்டுக்குப் பெருமுக்கலிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். சலவை வேட்டி, உப்புக் குவியலை விட வெள்ளை. சாப்பிட்டு எழுந்து திரும்பியபோது, பின்புறம் நாற்காலியின் கம்பிகள் ஒவ்வொன்றும் பழுப்பு நிறத்தில் அச்சாகியிருந்தன. அவர் ஊருக்குக் கிளம்பியதும் வாத்தியார் வந்து அந்த வேட்டியைப் பற்றிச் சொன்னார். பஸ் நிறுத்தத்துக்கே போய்ப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேட்டியை இழுத்துத் திருப்பி, அந்தக் கோடுகளைப் பாராட்டுகிற மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கும்மா மன்னிப்பு? வந்து ஒக்காந்ததுக்கு ரசீது குடுத்துட்டீங்க, ஊர்ல காட்டுவேன்."

மஞ்சள் ஜன்னல்

சாமான்களிலேயே எனக்குப் பிடித்தது அந்த விளக்கு. வெயில் இறங்கியதும் உப்புப் பாத்திகளில் நிற்கும் தண்ணீர் வானத்தின் நிறத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். முதலில் ரோஜா, பிறகு சாம்பல், பிறகு பெயர் தெரியாத ஒரு நிறம். குவியல்கள் மட்டும் வெள்ளையாக, யாரோ தூங்கும்போது போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கட்டடத்தின் ஏதோ ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் எழும். ஒரு நாள் தரைத்தளம், ஒரு நாள் மூன்றாவது மாடி, மாதத்தில் ஒரு நாள் என் ஜன்னல். ஒரே விளக்குதான், வீடு வீடாகப் போய் வருகிறது. அதைக் கீழே இறங்கி நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வெளியில் நின்று பார்த்தால் எல்லா விருந்தும் சந்தோஷமான விருந்துதான்.

நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். செல்வியின் புருஷன் ஏழுமலை சாயங்காலத்தில் பாத்திக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர். ஒரு நாள் வரப்பிலிருந்தே என்னைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டு, காற்றுக்கு மேல் குரலை ஏற்றிக் கேட்டார்: "ஏம்மா, நேத்து ரெண்டாவது மாடியில வெளக்கு எரிஞ்சிது, கறியா மீனா? பாழாப்போன காத்து வாசனய எல்லாம் கடல் பக்கம் இட்டுக்கினு பூடுச்சி!"

எட்டுப் பேர்

புரட்டாசி முடிகிற நேரம். மழை வந்தால் பாத்திகளெல்லாம் ஏரி, வேலை நின்றுவிடும். செல்வி மாடிப்படியில் நின்றுகொண்டு, "மா, இந்தக் கடசி சனிக்கிழம டேபிள் வேணும்" என்றாள். யாருக்கு என்றேன். "எனக்குத்தான். என் கூட உப்பு தூக்கினவங்க எட்டுப் பேரு. இத்தினி வருஷமா வரப்புல குந்திக்கினுதான் ஒண்ணா சாப்ட்டோம். ஒரு நாளு சேர்ல ஒக்காந்து, வெளக்கு வச்சிக்கினு, கண்ணாடி கூஜால தண்ணி ஊத்திக்கினு சாப்புடணும்னு அவங்களுக்கு ஆச. எனக்கும்தான்." வேறு சனிக்கிழமை ஆகாதா என்றேன். மழை விழுந்ததும் ஆளுக்கொரு ஊருக்கு நடவு வேலைக்குப் போய்விடுவார்களாம்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும். உப்பு சுமந்த எட்டுப் பெண்கள் உட்கார வேண்டும் என்று ஒருத்தி கேட்கிறாள். நான் வாய் திறக்காமல் நிற்கிறேன். கையில் கரண்டி மட்டும்தான் இல்லை. அது தோன்றிய பிறகுதான், எடுத்துக்கொண்டு போ, எனக்கு ஒன்றும் தர வேண்டாம் என்றேன். செல்விக்கு முகம் மாறிவிட்டது. "சொம்மா வாணாம்மா. எல்லாருக்கும் எழுதுற மாதிரி நோட்டுல என் பேர எழுதுங்க. செல்வி, சனிக்கிழம, எட்டுப் பேருன்னு."

முட்டி வலி

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேசை மீன்பாடி வண்டியில் ஏறி, கால்கள் வானத்தைப் பார்த்தபடி, மாதா கோயில் தெரு வழியாகச் செல்வி வீட்டுக்குப் போயிற்று. நாற்காலிகளும் விளக்கும் பின்னாலேயே போயின; போதாத நாற்காலிகளை அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்வதாகச் செல்வி சொல்லியிருந்தாள். நாலு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கடைசி சனிக்கிழமையில் நான் ஜன்னலுக்கு நேராக நடந்து போனேன். இருட்டும் நேரத்தில் தூரத்துத் தெருவில் அந்த மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. இவ்வளவு தாழ்வாக, மண்ணோடு மண்ணாக அது எரிந்து நான் பார்த்ததில்லை. யாரும் வரப்போவதில்லை என்பதால் சமைக்கவில்லை. தோசை மாவு கொஞ்சம் இருந்தது.

பெல் அடித்தது. திறந்தால் ஸ்டெல்லா. கையில் குடை. "என்னடி, வழி விட மாட்டியா?" என்று உள்ளே வந்தாள். வெறும் ஹால். ஒரு நாற்காலிகூட இல்லை. நான் பாயைத் தேடி எடுத்து வருவதற்குள் அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் என் வீட்டில், மறுபடியும் தரையில்.

"இன்னைக்குன்னு பார்த்து டேபிள் இல்லடி" என்றேன்.

"தெரியும். வண்டியில போறதைப் பார்த்தேன். அதான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அந்த டேபிள்ல உட்காரணும்னா, சேவியர் வீட்டு ஜெபத்துக்கு வந்து நாலு தரம் உட்கார்ந்து சாப்பிட்டாச்சு."

"சேவியர் சார் மூணாவது மாடி. உன் முட்டி?"

"சேவியர் வீட்டுக்கு வலிக்காது." அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விரிப்புப் போட்ட மேசையை எப்படி அடையாளம் கண்டாய் என்று கேட்டேன். "ஒரு நாள் ஸ்பூன் கீழ விழுந்தது. குனிஞ்சேன். சவுக்குக் கால். அன்னைக்கு நான் தரையில இருந்தேன் இல்ல? உங்க வீட்டுலேயே எனக்கு நல்லாத் தெரிஞ்சது அந்தக் கால் ஒண்ணுதான்."

சொன்னதில் கோபம் இல்லை. ஒரு பழைய வகுப்பில் வருகைப் பதிவு படிக்கிற மாதிரி சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கல்லை வைத்து ஒரு தோசை வார்த்து, ஓடிவந்து அவள் தட்டில் வைத்தேன். ஓடிப்போய் அடுத்தது வார்த்தேன். தோசை சூடாக இருக்க வேண்டும் இல்லையா? விருந்தாளிக்கு ஆறிய தோசை போடலாமா? மூன்றாவது தோசைக்கு வந்தபோது பார்த்தேன், முதல் இரண்டும் தொடாமல் அப்படியே இருந்தன. அவள் தட்டைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நிற்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேபிள் இல்லாத அன்னைக்காவது நீ நிக்க மாட்டன்னு நினைச்சுதான் வந்தேன். இன்னும் எத்தனை வருஷம்டி கரண்டியோட நிப்ப? அடுப்பை அணைச்சிட்டு வந்து பக்கத்துல உக்காரு. ஆறிப்போனா போகட்டும்."

பன்னிரண்டு வீட்டுக்கு மேசை கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என் வீட்டு விருந்துக்கு மட்டும் மேசை இல்லாத ஒரு சாயங்காலம் தேவைப்பட்டது, அதையும் செல்விதான் தன் பெயரில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது.